வால் உட்காராத மலை

கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் பூனைமுடியெல்லாம் எழுந்து நிற்கும், 'சடசட'வென்று மெல்லிய சத்தம் வரும், சூடேறிய தூசியின் வாசம் மூக்கில் ஏறும். காளவாசலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த பிரவுசிங் சென்டரை நினைத்தால், அந்தப் பெட்டி மானிட்டரின் கூச்சம்தான் முதலில் என் கையில் வருகிறது. அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். அண்ணன் கதிர் பிளஸ் டூ. நான் எட்டாவதோடு நின்றுபோனவள், கணக்கைப் பற்றித் தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள், பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இண்டர்நெட்டில் ஒரு பக்கம் இருந்தது. அதில் எக்ஸும் எண்களும் அடித்து எண்டரைத் தட்டினால், கீழே கட்டம் போட்ட இடத்தில் ஒரு வளைவு தானாக வரும். நெட் மெதுவாக ஓடிய காலம். கோடு வருகிறவரை அண்ணன் காலை ஆட்டிக்கொண்டே இருப்பான், மேசையே அதிரும். எக்ஸுக்கு ஸ்கொயர் போட்டால் கிண்ணம், முன்னால் மைனஸ் போட்டால் கவிழ்த்த கிண்ணம், சைன் போட்டால் அலை. கவிழ்த்த கிண்ணத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் அவனுக்கு அந்தக் 'கிறுக்கு' பிடித்தது. எங்கள் ஜன்னலில் தெரியும் நாகமலையை வெறும் எண்ணாலேயே வரைந்துவிட வேண்டும்.

நாகமலை புதுக்கோட்டையில் மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஜெராக்ஸ் கடையில் வாங்கிய, கண்ணாடி போலத் தெரியும் ஓஹெச்பி ஷீட்டை ஜன்னலில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மலையின் முதுகை மார்க்கரால் இழுத்தான்: இடது பக்கம் தலை, நடுவில் இரண்டு திமில், வலது ஓரத்தில் மெலிந்து இறங்கும் வால். அப்பா எட்டிப் பார்த்து, "மலைய அளந்து பட்டாவா போடப் போற?" என்றார். அம்மாவுக்கு மலையைப் பற்றிக் கவலை இல்லை. "ஆட்டுற கால முதல்ல நிப்பாட்டுடா, குடும்பத்துக்கு ஆகாது" என்பாள்.

அந்த ஷீட்டை மானிட்டரில் வைத்தால் பசையே வேண்டாம், கரண்டுக்குத் தானாக அப்பிக்கொள்ளும். நான் உட்கார்ந்து அடிப்பேன்; அண்ணன் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சொல்வான்.

"பாப்பா, அந்த மூண கொஞ்சம் கொறை. உக்காந்துச்சா?"

மார்க்கர் கோட்டுக்கு அடியில் கம்ப்யூட்டர் கோடு மறைந்துவிட்டால் அதுதான் 'உக்காருறது'. மைனஸை மறந்து மலை தலைகீழாகத் தொங்கும்போது இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் சென்டர்க்கார அண்ணன் எழுந்து வருவார்.

"மாப்ள, கண்ணாடில கீறல் விழுந்துச்சு, ஒன் மலையத் தூக்கி ஒன் தலையிலயே போட்ருவேன். எம்புட்டு வந்துருக்கு?"

"தல உக்காந்துருச்சுண்ணே, திமிலும் உக்காந்துருச்சு. வாலு மட்டும் ஏறி நிக்குது."

"நாய் வாலயே நிமித்த முடியாதாம், நீ பாம்பு வாலுக்கு வந்துட்ட."

வாலைப் பிடித்தால் தலை நழுவியது, தலையைத் திருப்பி வைத்தால் வால் தூக்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பழைய எண்களுக்கே திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்ததால், அவை எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டன. சனிக்கிழமை சனிக்கிழமையாக அந்த வருஷமே அப்படிப் போயிற்று. பரீட்சை முடிந்ததும் ஒருநாள் அண்ணன் ஷீட்டை 'சர்'ரென்று உரித்துச் சுருட்டினான்.

"ஒரு வாலு உக்கார மாட்டேங்குது, எனக்கு எதுக்குக் காலேஜு? நம்ம மண்டையில அம்புட்டுத்தான் புள்ள."

வாலால்தான் படிப்பை விட்டான் என்று சொல்லமாட்டேன். அப்பா படுத்துவிட்டார், வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டியிருந்தது. ஆனால் அவன் வாயில் வந்த காரணம் அதுதான். காய்கறி வேன் ஓட்டப் போனான். போன ஆடியில், "வாரேன் பாப்பா" என்று கிளம்பினவனின் வேன் கொட்டாம்பட்டிப் பக்கம் நாலுவழிச் சாலையில் கவிழ்ந்தது. அதற்குமேல் என்னால் எழுத முடியாது.

அவன் சட்டைகளை மடித்து வைக்கும்போது பீரோவுக்குப் பின்னால் அந்த ஷீட் கிடைத்தது. எங்கே வைத்தாலும் மனசு நிற்காமல், நான் டைப் அடிக்கும் கடைக்கே அதைக் கொண்டுபோனேன். பழைய பக்கம் இப்போது இல்லை, அதே மாதிரி வேறொன்று இருக்கிறது. எண்டரைத் தட்டுவதற்குள் கோடு வந்துவிடுகிறது. புது மானிட்டரில் ஷீட் ஒட்டவில்லை, செலோடேப் போட்டேன். மனப்பாடமாய் இருந்த எண்களை அடித்து, படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கித் தலையைப் பொருத்தினேன். திமில் உட்கார்ந்தது. வாலும் உட்கார்ந்தது. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பழைய மானிட்டரின் கண்ணாடி நடுவில் தொந்தி மாதிரிப் புடைத்து, ஓரத்தில் பின்வாங்கிப் போகும். ஷீட் அங்கே ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், அதனால் அடியில் இருக்கும் கோடு விலகித் தெரியும். அண்ணன் கணக்கு சரி. கண்ணாடிதான் வளைவு. அது தெரியாமல் எண்ணைத் திருத்தித் திருத்தித் தன்னையே திட்டிக்கொண்டான்.

'உக்காந்துருச்சுண்ணே' என்று திரும்பினேன். பின்னால் ஜெராக்ஸ் மெஷின்தான் இருந்தது.

அந்த பிரவுசிங் சென்டர் இப்போது செல்போன் கவர் விற்கும் கடை. எங்கள் ஜன்னலுக்கு எதிரே அடுக்குமாடி வந்து மலையின் வாலை மறைத்துவிட்டது. வால் முழுசாக இருப்பது ஷீட்டில் மட்டும்தான். அன்று சாயங்காலம் அம்மாவிடம், "அண்ணன் போட்டது அப்பவே சரிதாம்மா" என்றேன். "எதுடி?" என்றாள். சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த என் கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிப்பாட்டு என்று சொல்லவில்லை.