தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிய பந்து

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசுவதை ஃபோனே எழுதிக்கொள்கிறது.

இன்று பொம்மிடி டீக்கடைக்கு ஒரு அமெரிக்கர் என்னைத் தேடி வந்தார். உலகச் சண்டைக் காலத்தில் ரயில் இங்கே நின்றபோது அமெரிக்கப் பட்டாளத்தார் பேஸ்பால் ஆடியதைப் பார்த்தவர்களில் நான்தான் மிச்சம்.

அவர் காட்டிய போட்டோவில் இருந்தவர் அன்று பந்து வீசியவர். இவர் அவருடைய மகன்.

கூட வந்த வாத்தியார் கேட்டார்: "பெரிய டீம்ல ஆடுன ஒருத்தர இவங்கப்பா இங்க அவுட் பண்ணாராம். சாகற வரைக்கும் சொன்னாராம், வூட்ல ஒருத்தரும் நம்பலியாம். நெசமாங்க தாத்தா?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெரிய ஆட்டக்காரர் அடித்த பந்து ரயிலடித் தண்ணீர்த் தொட்டியையே தாண்டிப் போனது. வீசியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மகனின் முகத்தைப் பார்த்தேன்.

"அவுட்டுதானுங்க. ஒரு பந்துகூட மட்டையில படல."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர்கள் போனதும் டீ மாஸ்டர் கேட்டான்: "இத்தன வருசமா தொட்டியத் தாண்டுச்சுன்னீங்களே பெருசு, இன்னிக்கு அந்தப் பந்து எங்க போச்சு?"

அவ்வளவு அழகாக அடித்தவரை நானே அவுட் ஆக்கிவிட்டேன்.

நாளைக்கு அந்த அடித்தவரின் மகனும் போட்டோவோடு வந்து நின்றால் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.