கரும்பலகையில் நெத்திலி

எனக்குக் குமட்டல் எளிதில் வராது. மில்பிடாஸில் நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பழுதாகித் திரும்பி வரும் கருவிகளைத் திறந்து, ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது என் வேலை. உள்ளே செத்த கரப்பான் இருக்கும், கருகிய பிசின் இருக்கும், ஒருமுறை காய்ந்துபோன எலிக்குஞ்சு இருந்தது. கையுறையோடு எடுத்து, படம் பிடித்து, அட்டவணையில் ஒரு வரி சேர்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன். அதனால் போன கோடையில், ஸ்பெயினின் கடலோர நகரம் ஒன்றில் ஐந்து நாட்களும் என் தொண்டையில் நின்ற குமட்டலை முதலில் வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். நான், எனக்கு நிச்சயமாகியிருந்தவன், அவனுடைய அக்கா, அக்காவின் கணவர். கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் குடும்பமாக ஒரு பயணம் போக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. திட்டம் போடுவது என் பொறுப்பு. எனக்குப் பெரிய அருங்காட்சியகங்கள் பிடிக்காது. ஒரே ஒரு பொருளுக்கென்று இருக்கும் சின்ன அருங்காட்சியகங்கள் பிடிக்கும். யாரோ ஒருவர் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகச் சேர்த்து, எண் போட்டு, சீட்டு ஒட்டி வைத்திருப்பதில் எனக்கு ஒரு சொந்த உணர்வு. ஒரு நாளைக்கு ஒன்று என்று ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன்: செருப்பு, சாக்லேட், வாசனைத் திரவியம், பழைய சவ வண்டிகள், உப்பிட்ட மீன்.

எங்கள் கல்யாணமும் ஒரு அட்டவணையில்தான் இருந்தது. நானும் அவனும் திருத்தலாம், ஒருவர் திருத்தினால் மற்றவர் போனில் மணி அடிக்கும். மண்டபம், பத்திரிகை, விசா, யார் எங்கே தங்குவது என்று அறுபது வரிகள். பதினான்காவது வரி: ‘வீட்டுக்குள் மீன், கறி வேண்டாம்.’ அதன் எதிரே எனக்கான கட்டத்தில் நானே எழுதிய ஒரு சொல்: ‘சரி.’

அந்தச் சரியை எழுதியது மார்ச்சில். அப்போது என் அபார்ட்மெண்ட் லீஸ் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை சன்னிவேலில் அக்கா வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அவர்கள் ஈரோட்டுப் பக்கம், சைவக் குடும்பம். ஆண்கள் இருவரும் வெளியே கோழி சாப்பிடுவார்கள், அது வெளியே. நான் நாகப்பட்டினம். அம்மா நான்கு பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்த நெத்திலிக் கருவாட்டை அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் கராஜ் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது, உள்ளே எலுமிச்சை வாசனை.

“ஏதோ கெட்டுப்போயிருந்துது கண்ணு. ஒரே நாத்தம். போட்டுட்டேன்,” என்றார் அக்கா. கையில் இன்னும் ரப்பர் கையுறை.

“பரவால்லக்கா,” என்றேன்.

அன்று மாலையே அவன் பதினான்காவது வரியைச் சேர்த்தான். நான் சரி போட்டேன். ஒரு பொட்டலம்தானே என்று நினைத்தேன். அம்மா போனில் “வறுத்தியா?” என்று கேட்டபோது வறுத்தேன் என்றும் சொன்னேன்.

இனி அருங்காட்சியகங்கள்.

செருப்பு அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோமாளி ஒருவரின் ஒரு முழ நீளச் செருப்பு மட்டும் நினைவிருக்கிறது. சாக்லேட்டில், உருகிய சாக்லேட் தொட்டியில் ஒவ்வொருவரும் ஒரு குச்சியைத் தோய்த்து நக்கிப் பார்க்கலாம். எனக்கு முன்னால் நின்ற அக்காவின் கணவர் நக்கிய குச்சியை மறுபடி தோய்த்தார்.

“அண்ணா, எச்சில்,” என்றேன்.

“அட, இங்க எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க. இது யூரோப்,” என்றார். அக்கா சிரித்தார். வீட்டில் இதே மனிதர் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தால் அந்தப் பாட்டிலையே குப்பையில் போடுகிறவர் அக்கா.

வாசனைத் திரவியத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பழுப்பு நிற மெழுகு போல ஒன்று இருந்தது. ஒரு வகைப் பூனையின் வாலுக்கடியில் உள்ள சுரப்பியிலிருந்து வழித்தெடுப்பது என்று சுற்றிக் காட்டியவர் விளக்கினார். அதில் தொட்ட காகிதப் பட்டையை நீட்டினார். எனக்கு மூத்திரச் சந்தின் நெடிதான் வந்தது. அக்கா கண்ணை மூடி முகர்ந்தார்.

“பூனையோட பின்பக்கம்னு சொல்றாங்கக்கா.”

“புனுகுடி கண்ணு. சாமிக்கே சாத்தறோம். அருவருப்பெல்லாம் நம்ம மனசுல இருக்கறதுதான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் போனில் குறித்துக்கொண்டேன். என் பழக்கம் அது. பிற்பாடு பார்க்கும்போது, அந்தப் பயணத்தில் எடுத்த படங்களைவிட இப்படிக் குறித்தவைதான் அதிகம் இருந்தன.

நான்காம் நாள் சவ வண்டிகள். கறுப்புக் குதிரைப் பொம்மைகள், கண்ணாடி பதித்த வண்டிகள், குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு வெள்ளை வண்டி. அந்த வெள்ளை வண்டி முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. மற்ற மூவரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அக்காவின் கணவர், “ஏங்க, ரூமுக்குப் போய்த் தலைக்குக் குளிக்கணுமா?” என்று பயந்த குரலில் கேட்டார். கிண்டல்தான்.

“கயிறு கட்டி டிக்கெட் போட்டுக் காட்டறதுக்கெல்லாம் தீட்டு இல்லீங்க,” என்றார் அக்கா.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல பதில்தான். ஆனால் ஹோட்டலுக்கு நடக்கும்போது வயிறு புரட்டிக்கொண்டே வந்தது. இவர்களுக்கு எதுவுமே அருவருப்பாக இல்லையே, அப்படியானால் கையுறை போட்டுத் தூக்கி எறியும் அளவுக்கு என் அம்மாவின் பொட்டலத்தில் என்ன இருந்தது என்ற கேள்வி அப்போதுதான் முதல் முறை வந்தது. ஒரு கருவியைத் திறந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதைக் கேட்க எனக்கு நாலைந்து மாதம் பிடித்திருந்தது.

ஐந்தாம் நாள் உப்பு மீன். துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு. கதவைத் தள்ளியதும் வாசனை நெஞ்சில் மோதியது. நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கீழ்த்தட்டைத் திறந்தால் வரும் அதே வாசனை, இன்னும் கொஞ்சம் எண்ணெயோடு. நான் திரும்பி மூவரையும் பார்த்தேன். மூக்கைப் பொத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் பொத்தவில்லை.

“ஸ்மெல்லே எவ்வளவு ஆத்தென்டிக்கா இருக்கு பாரு,” என்றான் அவன்.

உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, பார்வையாளர்களுக்கு வேலையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். விரல் நீள மீன். தலையைக் கட்டைவிரலால் கிள்ளி ஒரே இழுப்பு; தலையோடு குடலும் சேர்ந்து வந்துவிடும். பீப்பாயில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. மேலே கல் பாரம். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். என் அம்மாவும் அப்படித்தான் கிள்ளுவாள், அதே கட்டைவிரல், அதே இழுப்பு.

“ஆஞ்சோவி,” என்றார் அந்த அம்மாள், ஒன்றைத் தூக்கிக் காட்டி. “உங்கள் நாட்டில் இது உண்டா?”

அவன் ஆங்கிலத்தில் சட்டென்று, “இல்லை இல்லை, இந்தியாவில் கிடையாது,” என்றான். பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது. பீட்சாவின் மேல் வருவது ஆஞ்சோவி. அதற்கும் என் அம்மாவுக்கும் தொடர்பு இருக்க முடியாது.

அந்த ஐந்து நாளில் என்னை அதிகம் அருவருக்க வைத்தது பூனைச் சுரப்பி இல்லை. அந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்ற நான்.

பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. வந்தவர்கள் அந்த மீனுக்குத் தங்கள் மொழியில் என்ன பெயரோ அதை எழுதலாம். அரபி, கொரிய மொழி, எனக்குத் தெரியாத வேறு எழுத்துகள். அந்த அம்மாள் ஒரு சாக்பீஸை நீட்டினார்.

“தமிழ்ல எழுதுடா,” என்றார் அக்கா உற்சாகமாக. “ஃபோட்டோ எடுக்கறேன்.”

அவன் வாங்கி, பலகையின் மூலையில் ‘ஆஞ்’ வரை எழுதினான். நான் சாக்பீஸைக் கேட்டு வாங்கினேன். அந்த இரண்டு எழுத்தையும் உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுதினேன்: நெத்திலி.

அக்கா எழுத்துக்கூட்டி வாசித்தார். “நெத்திலியா? அது கருவாட்டுக்குப் போடறதில்ல?”

“அதேதான்க்கா. மார்ச்ல உங்க ஃப்ரிட்ஜ்ல இருந்தது.”

“அது வேற கண்ணு. இது க்யூர்டு.”

“க்யூர்டுன்னா உப்புல போட்டது. அதுவும் உப்புல போட்டதுதான். அப்புறம் வெயில்ல காயும்.”

“அந்தக் காயறதுலதான் நாத்தமே வருது,” என்றார், எனக்குப் புரியவில்லையே என்ற பரிவோடு.

“விடும்மா, மியூசியத்துல வந்து சண்டையா?” என்றார் அவர் கணவர். அந்த அம்மாள் பலகையைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொன்னேன். “நே-தி-லி,” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பயணத்தில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

வெளியேறும் வழியில் ருசி பார்க்கும் மேஜை. ரொட்டித் துண்டின் மேல் ஒரு மீன், மேலே எண்ணெய். ஆண்கள் இருவரும் மூன்று மூன்று எடுத்தார்கள். அக்கா சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு. வெளிலதானே,” என்று வாயில் போட்டார். எண்ணெய் மோவாய்க்கு வழிந்தது; கட்டைவிரலால் வழித்து நக்கினார். மார்ச்சில் கையுறைக்குள் இருந்த அதே கட்டைவிரல். நான் வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். மீன் சாப்பிட்டதற்காக இல்லை. சாப்பிடட்டும், நன்றாக இருக்கிறது, எனக்குத் தெரியும். ஒரு பெரிய கண்ணாடி ஜாரையும் வாங்கினார்கள். அக்கா வீட்டில் அவர் கணவரின் நண்பர்கள் ஒயின் குடிக்க வரும் நாளுக்காம்.

மறுநாள் காலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா அந்த ஜாரோடு என் பெட்டிப் பக்கம் வந்தார். நானும் அக்காவும் ஒரு அறை, ஆண்கள் ஒரு அறை. அவன் சார்ஜர் தேடி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

“இது உன் பெட்டில இருக்கட்டும் கண்ணு. என் பெட்டில பூஜை ரூமுக்கு வாங்கின லேஸ் துணி இருக்குது. கொட்டிட்டா வீணாயிரும். உனக்குன்னா பழக்கம்தானே.”

குரலில் கேலிகூட இல்லை. இட வசதியைப் பற்றிப் பேசுகிற குரல்.

“வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போக மாட்டோமுல்ல,” என்று சேர்த்துக்கொண்டார். “கராஜ் ஃப்ரிட்ஜ்லயே வெச்சுக்கலாம்.”

“இல்லக்கா,” என்றேன்.

“எடமில்லியா?”

“எடமிருக்கு. வெக்க மாட்டேன்.”

போனை எடுத்து அட்டவணையைத் திறந்தேன். பதினான்காவது வரி. ‘சரி’யை அழித்துவிட்டு ‘முடியாது’ என்று எழுதினேன். கட்டிலில் அவன் போன் மணி அடித்தது. வாசித்தான்.

“இப்ப எதுக்கு இது?”

“மார்ச்லயே எழுதியிருக்கணும்.”

“ஒரு ஜாருக்காகவா? அக்கா ஏதோ கேஷுவலா சொன்னாங்க.”

“சரி, ஜாரை விடு. நாளைக்கு நம்ம வீடு. எங்கம்மா குடுத்தனுப்பறது நம்ம கிச்சன்ல இருக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு.”

அவன் நல்லவன். யோசிக்காமல் எதையும் சொல்ல மாட்டான். யோசித்தான். யோசிக்கும்போது அவன் கண் என்னைப் பார்க்கவில்லை, ஜாரோடு நின்ற அக்காவைப் பார்த்தது.

“கராஜ்ல வேணும்னா...” என்று தொடங்கினான்.

அந்த வாக்கியத்தை அவன் முடிக்க நான் விடவில்லை. முடித்திருந்தாலும் வேறாக இருந்திருக்காது. ஜாரை அக்கா ஒரு துண்டில் சுற்றித் தன் கணவரின் பெட்டியில் வைத்தார். விமானத்தில் நான்கு பேரும் ஒரே வரிசையில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து வந்தோம். செப்டம்பரில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போனில் பேசி, ஜாதகத்தில் ஏதோ என்று ஒரு காரணம் வைத்துக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். அட்டவணையிலிருந்து என்னை நீக்கிக்கொண்டேன். அம்மாவிடம் மட்டும் மார்ச்சில் நான் எதையும் வறுக்கவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். அம்மா, “தூக்கிப் போடும்போது கவரைப் பிரிச்சாங்களா, இல்ல அப்படியேவா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலம் இன்னொரு பொட்டலம் வந்தது. மறுபடியும் நான்கு கவர். இப்போது எனக்கென்று எல் கமினோ சாலைப் பக்கம் ஒரு படுக்கையறை வீடு. கீழ்த்தட்டு, மேல்தட்டு எல்லாம் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாணலியை வைத்துக் கவரைப் பிரித்தேன்.

என் கை மூக்குக்குப் போனது. நான் நினைத்துப் போகவில்லை, தானாகப் போனது. இன்னொரு கை ஏற்கெனவே சன்னல் கொக்கியைத் திறந்துகொண்டிருந்தது. முகம் சுளித்திருந்தது என்பது சன்னல் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அக்காவின் முகம் அது. எப்போது, எந்தச் சிரிப்பின்போது அதை வாங்கிக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. ஐந்து அருங்காட்சியகத்திலும் வராத வாந்தி அப்போது தொண்டைவரை வந்தது.

தண்ணீர் குடித்தேன். எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்தினேன். சன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். நெத்திலியை ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி வெந்நீரில் போட்டுவிட்டு, அந்த வாசனை வெறும் வாசனையாக ஆகும்வரை அங்கேயே நின்றேன். நிறைய நேரம் ஆனது.