ஆவி பறந்த எருத் தொட்டி

பூங்காவில் பிணம் எரிக்கிறார்களாம். பால்காரர் சொன்னதாக எதிர்வீட்டு மதிவதனி சொன்னாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்கள் மூலையில் வெள்ளைப் புகையைக் கண்ணால் பார்த்தார்களாம்.

கணவரின் வேலைக்காகப் பினாங்கிலிருந்து ஒரகடத்துக்கு வந்த நாள்முதல், குடிதண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைக்கிறவள் நான். எனக்கே இது பயமாக இல்லை. தினமும் அங்கே நடக்கப் போகிறேன். அந்த மூலையில் இருப்பது செங்கமலத்தின் எருத் தொட்டி.

செங்கமலம் பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரி. முன்பு கம்பெனிப் பையன்கள் தங்கும் ஹாஸ்டலில் கக்கூஸ் கழுவினாள். பான் எச்சில், வாந்தி, அடைத்துக்கொண்ட குழி. "சோத்துல கைய வெச்சா அந்த நாத்தம்தாம்மா வரும். ஸ்பூன்லதான் துன்னுவேன்" என்பாள். ஹாஸ்டலின் மிச்சச் சோற்றையும் பூங்காச் சருகையும் சேர்த்து அங்கேயே எருவாக்கும் வேலை வந்தபோது, ஒப்பந்தக்காரர் பாண்டுரங்கனிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னது ஒன்றுதான்: நாற்றமென்று ஒரு புகார் வந்தாலும் தொட்டியை மூடிவிடுவேன், நீ பழைய கக்கூஸுக்கே போ.

இதுவும் குமட்டுகிற வேலைதான். சாம்பாரில் ஊறிய இட்லி, யாரும் தொடாத உப்புமா, அதற்குள் முடிக்கற்றை, ஷாம்பு பாக்கெட், சப்பித் துப்பிய எலும்பு. மூக்கடியில் தைலம் தடவி, முகத்தைத் திருப்பிக்கொண்டே பொறுக்குவாள். சருகு போட்டுக் கிளறிவிட்டால் நாற்றம் அடங்கும்; தண்ணீர் மிஞ்சினால் அழுகிவிடும். உள்ளே சூடேறி, மார்கழிக் குளிரில் ஆவி பறக்கும். ஊர் பார்த்த பிணப்புகை அதுதான்.

தங்கையின் பிரசவத்துக்காக அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். சளி பிடித்து நானும் வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் காலை பூங்கா வாசலிலேயே நின்றுவிட்டேன். அழுகிய முட்டையை மூக்குக்குள் உடைத்தது போல் இருந்தது. தொட்டியிலிருந்து கறுப்புச் சாறு நடைபாதைவரை வழிந்திருந்தது. அதில் புழுக்கள் நெளிந்தன. செடிக்கு ஊற்றும் ரப்பர் குழாய் தொட்டிக்குள் கிடந்தது. செங்கமலத்தின் முன்னால் யூனிஃபார்மோடு நின்றான் மாரிசெல்வம், ஹாஸ்டலில் தங்கியிருக்கும் திருநெல்வேலிப் பையன்.

"புகைய கண்டா யோசிக்கக் கூடாதுன்னு கம்பெனி ஃபயர் டிரில்ல சொன்னாங்கல்லா அக்கா. ரெண்டு நாளும் நல்லா நனைச்சு அணைச்சிட்டேன்."

"என் பொயப்பையே அணைச்சிட்டியேடா!"

"அப்ப தீ இல்லையா?"

"தீயும் இல்ல, மண்ணும் இல்ல. ஆவிடா! உங்க வூட்ல இட்லி குண்டான்ல ஆவி வந்தா பைப்ப சொருவுவியா?"

அவன் வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, சருகு மூட்டையைத் தானே இழுத்து வந்தான். மண்வெட்டி கூழில் வழுக்கியது. செங்கமலம் கையாலேயே அள்ளிப் புரட்ட ஆரம்பித்தாள். முழங்கைவரை கறுப்பு. நான் முதலில் செருப்புக் காலால் சருகைத் தள்ளினேன். பிறகு கையால். நகத்துக்குள் ஏதோ நெளிந்தது, அதைப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே மூக்கில் கைக்குட்டையோடு ஒருவர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில், வேப்பங்கிளையில் தொங்கிய அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் போன் அடித்தது.

"யாருன்னு பாரும்மா."

எட்டிப் பார்த்தேன். "பாண்டுரங்கன்."

"எடுக்காத. போன்லயே நாறும்."

இன்னொரு கை சருகை அள்ளிப் போட்டாள். அடித்து ஓய்ந்த போன் மறுபடியும் அடித்தது.