பூஞ்சணத்துக்கு மேல் சுண்ணாம்பு

மலாயாவின் பெக்கோக் ரப்பர் தோட்டத்து அங்கம்மா பால்மரம் சீவுவதில் கெட்டிக்காரி. ஆனால் அடுத்தவள் தட்டைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் அடுப்புத் தீயில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் வீடு சாம்பலானது. தீ தாவாமலிருக்க அங்கம்மாவின் வீட்டின்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தார்கள். வீடு தப்பியது. பத்தே நாளில் பலகைச் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது.

வெள்ளையம்மாவுக்குத் தகரக் கூரையோடு புது வீடு என்று தோட்டத் துரை சொன்னதும் அங்கம்மாவுக்கு வயிறு எரிந்தது. பாழாய்ப்போன தீ இங்கேயும் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? வெள்ளையம்மா தன் சுவரைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதென்று, பூஞ்சணம் மறைய இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தாள்.

மறுநாளே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, வேறு யார் வீட்டுக்குச் சேதம், யாருக்குப் புது வீடு என்று பார்க்க வந்துவிட்டார்.

"உன் வீட்டுக்கு ஒண்ணும் ஆகலியே. புது வீடு முடியிற வரைக்கும் வெள்ளையம்மா இங்கேயே இருக்கட்டும்."

அவளும் அன்றைக்கே மூட்டையோடு வந்து சேர்ந்தாள். நாலாம் நாள் சுண்ணாம்பை மீறிக் கறுப்பு வெளியே வந்தது. அங்கம்மா முந்தானையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பரவியது.

"விடுங்கக்கா," என்றாள் வெள்ளையம்மா ஆறுதலாக. "எனக்கு இங்க ரெண்டு மாசம்தானே."