சிவப்புக் கொடி நட்ட கரை

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் வரப்புதான். அதைவிட உயரமாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கோயில் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஆறு, வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பொறியாளரான என்னை நிலச்சரிவுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி முழுக்க மலைப் படங்கள். "உங்க ஏரியால சரிவு எப்படி?" என்று வகுப்பெடுத்தவர் கேட்டார். "தண்ணியே யோசிச்சு யோசிச்சுத்தான் ஓடும் சார்" என்றேன்.

சரிவதற்கு எங்களிடம் இருப்பது ஆற்றுக்கரைதான். திரும்பி வந்ததும் மேலதிகாரி அந்த வேலையைக் கொடுத்தார். எந்தக் கரை முதலில் சரியும், சரிந்தால் யார் வீட்டுக்குள் தண்ணீர் போகும் என்று மழைக்கு முன் பார்த்துவிட வேண்டும். அவசரமான இடத்துக்குச் சிவப்புக் கொடி, பொறுக்கலாம் என்றால் மஞ்சள், கவலையில்லை என்றால் பச்சை. மணல் மூட்டை சிவப்புக்குத்தான் முதலில்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் சிவப்புக் கொடியோடு நடந்தால் சும்மா விடுவார்களா? முதல் கிராமத்திலேயே ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "கூட்டம் எத்தனை மணிக்கும்மா?" என்று விசாரித்தார்.

விஷயம் மணல் மூட்டை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் சிவப்பு வேண்டியிருந்தது. ஊராட்சித் தலைவர் தன் தென்னந்தோப்பை ஒட்டிய கரையைக் காட்டி, "இதுவும் ஆடுதுங்க" என்றார். ஏறிக் குதித்துப் பார்த்தேன். யானை குதித்தாலும் ஆடாது. பச்சையை நட்டேன். "நெஞ்சழுத்தம் புடிச்ச பொண்ணு" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லிக்கொண்டு போனார்.

சிவப்பு வேண்டாம் என்றவர் ஒருவர்தான். சவுதியில் பல வருடம் கடை நடத்திவிட்டு வந்து, ஆறு வளைகிற இடத்தில் வீடு கட்டியிருந்த பாய். வீட்டுக்கு நேர் பின்னால் தண்ணீர் மோதி மோதிக் கரையின் அடியைத் தின்றிருந்தது. மேலே கை நுழைகிற வெடிப்பு.

"நாளைக்குப் பாபநாசத்துலேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க மேடம். கொடிய கொஞ்சம் தள்ளி நட்டுக்கங்களேன்."

"கொடியத் தள்ளலாம் பாய். வெடிப்ப எப்படித் தள்றது?"

"ஒரு நாளைக்குத்தானே."

"மழை உங்கள்ட்ட கேட்டுட்டா வரும்?"

விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சில் அரசாங்கக் கம்பை ஊன்றிவிட்டோமோ என்று உறுத்தியது.

மறுநாள் அந்த வழியே போனால், பந்தல்காரரிடம் வாங்கிய வண்ணத் தோரணம் கரை நெடுகத் தொங்குகிறது. என் கொடியும் அதில் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் தங்களுக்கு இவ்வளவு வரவேற்பா என்று பூரித்துப் போனார்களாம். மாப்பிள்ளை மட்டும் கரைமேல் ஏறி வெடிப்பைப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் ஆபீஸ் திறக்கும் முன்பே பாய் வாசலில் நின்றார்.

"மூட்டை எப்ப மேடம் வரும்?"

"கொடியே வேணாம்னீங்களே?"

"அது முந்தாநேத்து."

மூட்டைகளை அடுக்கி முடித்த வாரமே மழை பிடித்தது. நான் சொன்ன இடத்திலேயே கரை சரிந்தது. பெருமைப்பட நேரமில்லை. மூட்டைகளில் பாதி ஆற்றோடு போயிற்று. என்னைத் திட்டிக்கொண்டே தலைவர் தன் டிராக்டரையும் ஆட்களையும் அனுப்பினார். எல்லோருக்கும் பாய் வீட்டில் சாப்பாடு. நனைந்த புடவையோடு நானும் மூட்டை கை மாற்றினேன். தண்ணீர் கோழிக்கூண்டு வரை வந்து நின்றது. வீடு தப்பியது.

ஊரில் யாரும் என் கணிப்பைப் பாராட்டவில்லை. "அந்தம்மா கொடி நட்டுச்சு, கரை போயிடுச்சு" என்பதுதான் டீக்கடைத் தீர்ப்பு.

கல்யாணம் பாபநாசத்தில் நடந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கோடையில் அந்த வளைவில் கல் அடுக்கிக் கட்டினோம். வேலை முடிகிற வரை பாய் குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சவுதியில் கல்லை எப்படி அடுக்குவார்கள் என்று கொத்தனாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.