பதினாறடி ரிங்கும் பத்து ரவுண்டும்

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. பகலில் லிஃப்ட் மெக்கானிக், சாயங்காலத்தில் குத்துச்சண்டைக்காரன். ரெண்டு தொழிலிலும் மேலே போகிறது மற்றவர்கள்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

பட்டப்பெயர் லேட்டு. முதல் நாலைந்து ரவுண்டு அடி வாங்கிக்கொண்டே இருப்பான். ஆறாவதுக்கு மேல்தான் இடது கை விழித்துக்கொள்ளும். அறிவிப்பாளர் ஒருவர் வேடிக்கையாக வைத்த பெயர், போஸ்டரிலும் ஏறி நிலைத்துவிட்டது. முதன்முதலில் அதைப் பார்த்த அவன் அக்கா, "உயிரோட இருக்கறவனுக்கு எவனாவது லேட்னு பேர் போடுவானா?" என்று கொதித்துப்போய், அச்சடித்தது யார் என்று பார்த்தாள். அவள் வேலை செய்யும் அச்சகம்தான். அன்று கம்போசிங் பிரிவில் யாருக்கும் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினேழு வருஷத்தில் நாற்பத்தொரு சண்டை. இருபத்தெட்டில் ஜெயித்தான், பதினொன்றில் தோற்றான், ரெண்டு சமன். எல்லாமே சின்னச் சின்ன அரங்குகள். பிளாஸ்டிக் நாற்காலி, ஒற்றை மின்விசிறி, உடை மாற்றச் சமையலறைக்குப் பக்கத்து அறை. பெரிய அரங்கில், டிவி கேமரா முன்னால், பெயர் தெரிந்த ஆளோடு ஒரே ஒரு சண்டை போட்டுவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அது நடக்காததற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமில்லை. அவனுக்குப் பேரம் பேச வராது. எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்து யாராவது கேட்டால் "சரி" என்றுவிடுவான். ஒருமுறை காய்ச்சலோடு, நாலு நாள் அவகாசத்தில், தன்னைவிட ஆறு கிலோ கூடுதலான ஆளோடு மோத ஒத்துக்கொண்டான். ஏன் என்று மனைவி கேட்டாள்.

"அவ்வளவு தூரம் வீடு தேடி வந்து கேட்டாரு. எப்படி இல்லேங்கறது?"

இத்தனை நாள் அவனுக்காகப் பேசிக்கொண்டிருந்த பழைய மேனேஜர் உடம்பு முடியாமல் வேறு ஊருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தச் சமயத்தில்தான் ப்ரமோட்டரிடமிருந்து போன் வந்தது. ஊரில் பெரிய சண்டைகள் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறவர் அவர்தான். கை உடைந்து ஒன்பது மாதம் சும்மா இருந்த சாம்பியன் திரும்பி வருகிறான். பட்டத்துக்கு இல்லாமல், கையைப் பழக்கிக்கொள்ள ஒரு சண்டை. பெரிய அரங்கு, டிவி, எட்டு ரவுண்டு. சம்மதமா?

லேட்டு அப்போது பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். "சரிங்க சார்" என்று சொல்லத் தொடங்கி "ச" வரைக்கும் வந்தான். சிக்னல் போய்விட்டது. அவன் வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டங்களில் அதையும் சேர்க்க வேண்டும்.

மேலே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து சந்தோஷத்தோடு சொன்னான்.

"திருப்பிக் கூப்பிட்டியா?"

"இல்ல, இப்பதான் வெளிய வந்தேன்."

"கூப்பிடாத. அவங்க கூப்பிட்டா எடுக்காத. சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்."

அக்கா அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் காகிதக் கொள்முதல் பார்க்கிறவள். ஆலைக்காரர்கள், ஏஜெண்டுகள், லாரிக்காரர்கள் எல்லோரிடமும் விலை பேசி வாங்கிப் பழகிய ஆள். அவள் சிரித்தால் டன்னுக்கு இவ்வளவு குறைக்கச் சொல்லப்போகிறாள் என்று அர்த்தம் என்பார்கள்.

சாயங்காலம் வந்தவள் கையில் ஒரு சுருள். விரித்துக் காட்டினாள். அரங்கு, தேதி எல்லாம் அச்சாகிவிட்ட போஸ்டரின் மாதிரித் தாள். வலது பக்கம் கையுறையோடு சாம்பியன். இடது பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

"மூணு வாரமா எங்ககிட்ட இப்படியே கிடக்குது. முதல்ல பேசினவனுக்கு முதுகு பிடிச்சிக்கிச்சு. ரெண்டாவது ஆளு வாய்க்கு வந்த தொகையைக் கேட்டான். அரங்குக்கு முன்பணம் கட்டியாச்சு, டிவிக்காரனும் நேரம் ஒதுக்கியாச்சு. இன்னும் பத்து நாள்ல அச்சுக்குப் போகலேன்னா ஒட்ட நாள் கிடையாது. இந்தக் காலி இடம் யாரோட தலைவலி?"

"அவங்களோடது."

"அப்ப நீ ஏண்டா தைலம் தேய்ச்சிக்கிற?" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "உனக்கு என்ன வேணும்?"

"பெரிய சண்டை."

"அதான் அவங்களே குடுக்கறாங்களே. அதுல ஜெயிக்கறதுக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வியை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"எட்டு ரவுண்டு பத்தாது. எனக்குச் சூடு பிடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். பத்து வேணும். அப்புறம் ரிங். இங்க எப்பவும் இருபது அடி போடுவாங்க. அவன் கால்ல ஓடறவன்கா. இருபது அடியில அவனைப் பிடிக்கறது பஸ்ஸு பின்னாடி ஓடற மாதிரி. பதினாறு அடின்னா அவன் எங்க போனாலும் கயிறு இடிக்கும்."

"பதினாறுன்னா சட்டத்துக்கு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும். யாரும் கேக்கறதில்ல, அவ்வளவுதான்."

போஸ்டரின் பின்பக்கத்தில் அக்கா ரெண்டையும் எழுதிக்கொண்டாள். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "அண்ணி, இதுதான் கடைசின்னும் எழுதிக்குங்க" என்றாள். அக்கா அதை எழுதவில்லை. ஆனால் தலையாட்டினாள்.

ப்ரமோட்டர் நாலு நாளில் பதினோரு முறை கூப்பிட்டார். அஞ்சாம் நாள் அக்காவே கூப்பிட்டு, நேரில் வருவதாகச் சொன்னாள். மாடிப்படியில் ஏறும்போது தம்பியிடம், "தண்ணி குடி, தும்மு, என்ன வேணா பண்ணு. பேச மட்டும் பேசாத. அவர் மூஞ்சியையும் பாக்காத" என்றாள். மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. லேட்டு ஒரு மணி நேரம் அந்த மாதத்தின் முப்பது தேதிகளையும் படித்துக்கொண்டிருந்தான்.

அக்கா தொகையில் ஆரம்பித்தாள். அவர் சொன்னதைப்போல மூன்று மடங்கு கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் எழுந்து நின்றார். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அவர் உட்கார்ந்தார். டீ வந்தது, ஆறியது. மூன்று மடங்கு ரெண்டரை ஆனது, ரெண்டு ஆனது. அவர் ஒரு காசு ஏறவில்லை. கடைசியில் அக்கா பெருமூச்சு விட்டாள்.

"சரி சார். உங்க தொகைக்கே வர்றோம்."

ப்ரமோட்டரின் தோள் கீழே இறங்கியது. ஜெயித்த மனுஷனின் தாராளம் முகத்தில் வந்தது.

"ஆனா நான் வெறுங்கையோட போனா இவன் பொண்டாட்டி என்னை வாசப்படி ஏற விடமாட்டா. பணம் இல்லாத விஷயமா மூணு குடுங்க."

பத்து ரவுண்டு. பதினாறடி ரிங். மூன்றாவது அவள் அங்கே உட்கார்ந்து யோசித்தது: ரெண்டு புள்ளி அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் லேட்டு தோற்றால், ஆறு மாதத்துக்குள் மறுசண்டை.

"ரெண்டு புள்ளியா?" ப்ரமோட்டர் லேட்டுவைப் பார்த்தார். லேட்டு காலண்டரைப் பார்த்தான். "எழுதிக்குங்க மேடம். நாலு புள்ளின்னு வேணா எழுதிக்குங்க."

"ரெண்டு போதும் சார். பேராசை கூடாது."

சாம்பியனின் பயிற்சியாளர் அன்று அந்த அறையில் இல்லை. இருந்திருந்தால் ரிங் அளவைக் கேட்டதுமே அலறியிருப்பார். பணம் பேசுகிற இடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கூப்பிடாமல் விட்டிருந்தார்கள்.

சண்டை அன்று அரங்கு நிறைந்திருந்தது. முதல் நாலு ரவுண்டும் சாம்பியனுக்குத்தான். இருபத்தாறு வயசுக் கால்கள், வந்து அடித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தன. ஆனால் நகர்ந்த பக்கமெல்லாம் கயிறு முதுகில் பட்டது. அஞ்சாவதில் சாம்பியன் பின்னால் திரும்பிக் கயிற்றை ஒரு முறை பார்த்தான். ஆறாவதில் லேட்டுவின் இடது கை வேலைக்கு வந்தது. விலாவில், மறுபடி விலாவில், சாம்பியனின் கை கீழே இறங்கியதும் தாடையில். ஒன்பதாவதில் சாம்பியன் விழுந்தான். எட்டு எண்ணும்போது எழுந்தான். பத்தாவதில் அவனுக்கு ஆவேசம் வந்து அடித்த அடியில் ஒன்று லேட்டுவின் இடது கண்ணுக்குக் கீழே விழுந்தது. மணி அடிக்கும்போது ரெண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

நடுவர்களில் ஒருவர் சமன் என்றார். மற்ற ரெண்டு பேரும் சாம்பியனுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுத்தார்கள்.

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. வேலைக்குப் போனான். லிஃப்ட் குழியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தபோது நாலு கம்பிக்கயிறு எட்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். எட்டுதான். பையை எடுத்துக்கொண்டு ஏறி வந்து, படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மனைவிக்குப் போன் செய்தான்.

கண் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கண்ணுக்கு அடியில் இருக்கிற மெல்லிய எலும்பு விரிசல் விட்டு, அதில் தசை மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் செய்யலாம், பெரும்பாலும் சரியாகும். அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் பொறுப்பேற்க முடியாது.

"முடிஞ்சிது" என்றாள் மனைவி.

அந்த வாரமே ப்ரமோட்டர் கூப்பிட்டார். சாம்பியனுக்கு வெளியிலிருந்து பெரிய பட்டச் சண்டை ஒன்று படிந்து வருகிறது. நடுவில் இந்த மறுசண்டை இடைஞ்சல். உரிமையை விட்டுக்கொடுத்தால் நல்ல தொகை தருகிறேன் என்றார். முதல் சண்டைக்குத் தந்ததைவிடப் பெரியது.

"அவங்களுக்குக் கண்ணு விஷயம் தெரியாது" என்றாள் அக்கா. "சண்டை போடுவேன்னு நீ சொல்ல வேண்டாம். மாட்டேன்னும் சொல்ல வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வந்து உக்காரு."

அது பொய்யா என்று அவன் கேட்டான். வாயைத் திறக்காதபோது பொய் எப்படி வரும் என்று அவள் கேட்டாள்.

எல்லாம் அக்கா சொன்னபடிதான் நடந்தது. தாள் மேஜைக்கு வந்தது, பேனா வந்தது, ப்ரமோட்டர் செக் புத்தகத்தைத் திறந்தார். அப்போது கதவைத் தட்டாமல் சாம்பியன் உள்ளே வந்தான். கீழ் உதட்டில் தையல். அவனை யாரும் அழைத்திருக்கவில்லை. லேட்டு உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரில் வந்து நின்றான்.

"அண்ணே, உங்களுக்குப் பணம் குடுத்து ஒதுக்கறாங்கன்னு இப்பதான் தெரியும். எனக்கு அது பிடிக்கல. அன்னிக்கு நான் ஜெயிச்சேன்னு எனக்கே தோணல. இன்னொரு தடவை போடலாம். இந்தத் தடவை பட்டத்தையும் வெச்சுப் போடலாம். என்ன சொல்றீங்க?"

அக்கா தம்பியின் கால் மேல் தன் காலை வைத்து அழுத்தினாள். பதினேழு வருஷமாக யாரிடம் கேட்டும் கிடைக்காதது, கேட்காமலே எதிரில் வந்து நின்றது. லேட்டு கண்ணாடியைக் கழற்றி, அண்ணாந்து பார்த்தான்.

"இப்படிப் பாத்தா நீ ரெண்டு பேரா தெரியற தம்பி. ஒருத்தனையே என்னால ஜெயிக்க முடியல."

டாக்டர் சொன்னதையும் சொன்னான். ப்ரமோட்டர் செக் புத்தகத்தை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

அக்கா பதினோரு நாள் தம்பியோடு பேசவில்லை. மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மறுபடியும் மூஞ்சியைப் பாத்துட்டீங்களா?"

"நேரா வந்து நின்னுட்டான். நான் என்ன பண்றது?"

பணம் போனதில் அவனுக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று அவன் யாரிடமும் நடிக்கவில்லை. அந்தத் தொகையில் ஆபரேஷன் செலவும் வீட்டின் மேல்தளமும் முடிந்திருக்கும். ஆபரேஷனுக்குச் சேமிப்பைத்தான் எடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் சாம்பியன் அச்சகத்துக்கே வந்தான். காகித ரீல்களுக்கு நடுவில் நின்று அக்காவிடம் கேட்டான்: "அந்தப் பதினாறு அடி யாரோட யோசனைங்க?"

"கேட்டது அவன். வாங்கினது நான்."

"என் பட்டச் சண்டைக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்காங்க. முப்பத்தேழு பக்கம். ப்ரமோட்டர் கையெழுத்து போடுங்கறாரு. நீங்க வந்து பேசுவீங்களா?"

அன்று சாயங்காலம் அக்கா தம்பி வீட்டுக்கு வந்து, முப்பத்தேழு பக்கத்தையும் அவன் முன்னால் போட்டாள். "உக்காந்து படி. ரிங்குக்குள்ள எது உறைக்கும்னு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்" என்றாள். கண் விஷயத்தை அவள் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. பன்னிரண்டு இடத்தில் அவன் கோடு போட்டுக் கொடுத்தான். அவள் ஒன்பதைத் திருத்தி வாங்கினாள்.

அச்சக வேலையை அக்கா விடவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் குத்துச்சண்டைக்காரர்கள் சார்பில் பேசுகிறாள். இப்போது நாலு பேர். அதில் மூன்று பேர் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். எல்லோரிடமும் அவள் முதலில் கேட்பது, ஜெயிக்க என்ன வேண்டும் என்பதுதான். பெரும்பாலானவர்கள் தொகையைச் சொல்கிறார்கள். அவர்களைத் தம்பியிடம் அனுப்புகிறாள்.

லேட்டுவின் கண் முக்கால்வாசி சரியாகிவிட்டது. நேராகப் பார்த்தால் ஒன்று, ரொம்ப அண்ணாந்தால் மட்டும் ரெண்டு. குழிக்குள் இறங்க முடியாது என்பதால் கம்பெனி அவனைப் புகார் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தினால் அவனுக்கு மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது அவன் வேலை.

போன வாரம் நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் ஒரு அம்மா மாட்டிக்கொண்டார். மூச்சு முட்டுகிறது என்று அழுதார்.

"காத்து தாராளமா வரும்மா. மேல ஓட்டை இருக்கு, நானே துடைச்சிருக்கேன். கீழ உக்காந்துக்குங்க. வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

அந்த அம்மா மூத்த மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மெக்கானிக் போய்க் கதவைத் திறந்த பிறகும் கதை முடியவில்லை. லேட்டு போனைக் காதில் வைத்தபடியே மீதியையும் கேட்டான்.