காற்றுப் புகாத காளான் பெட்டி

என் வீட்டுக்காரருக்குத் திறந்திருக்கும் கதவைக் கண்டாலே ஆகாது. அலமாரிக் கதவோ, குளியலறைக் கதவோ, சர்க்கரை டப்பாவின் மூடியோ, எதுவானாலும் சாத்தாமல் அந்த இடத்தைத் தாண்ட மாட்டார். தொழில் அப்படி. மீசை அரும்பும் வயதில் ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர், அந்த மீசை நரைக்கும் வரைக்கும் அதே வேலையில்தான் இருந்தார். உள்ளே இருக்கும் குளிர் வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கும் காற்று உள்ளே வரக் கூடாது. அவர் படித்த படிப்பு மொத்தமும் இவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்ததும் ரிப்பேர் வேலைக்குத்தான். ஃப்ரிட்ஜ் கதவைச் சுற்றி ஓடும் ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய லீக்கை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்கிற மாதிரி என் அப்பாவைப் பார்த்தார். மறுநாளே புது ரப்பரோடு வந்து நின்றார். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் எங்கள் கல்யாணம் முடிந்துவிட்டது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பெண்களுக்கு மட்டும். என் பக்கமும் ஒரு பிரேக் உள்ள பழைய கார் ஒன்று, ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிற ஆட்கள் பத்துப் பேர், எனக்கு அது போதும். தெருவில் என்னை ஸ்டியரிங் அக்கா என்பார்கள், அவரை ஃப்ரிட்ஜ்காரர் என்பார்கள். வயது ஏறினாலும் என் கால் இன்னும் பிரேக்கில் கச்சிதமாக நிற்கிறது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

அவருக்குத்தான் தோள்பட்டை போய்விட்டது. எத்தனை ஃப்ரிட்ஜைத் தூக்கி எத்தனை மாடி ஏற்றியிருப்பார். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பிற்பாடு சொந்தமாகப் போட்ட கடையைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது ஒரு பேச்சுக்கு. குட்டி போட்ட பூனை மாதிரி அறை அறையாக நடந்தார். என் சமையலறையில் புகுந்து டப்பாக்களை எல்லாம் மூடி இறுக்கத்தின் வரிசைப்படி அடுக்கினார். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பாதிக் காலைப் பொழுது போனது. அவரைத் திட்டினால் பதிலுக்கு ஒரு வார்த்தை வராது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவர், கையைக் கழுவிக்கொண்டே, "பாப்பா வீட்டுக்கே போயிடலாம்" என்றார்.

பாப்பா என்றால் எங்கள் மகள். வேறு ஊரில் மாப்பிள்ளையோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். காலியாக ஒரு அறை வைத்துக்கொண்டு, வந்து இருங்கள் என்று அழைத்துக்கொண்டேதான் இருந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் அங்கே போனால் நான் யார்? அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பெரிய டிரைவிங் ஸ்கூல். ரெண்டு பிரேக் வைத்த ஓட்டைக் காரோடு போய் நிற்கிற கிழவியை யார் சீந்துவார்கள்? அவர் வேலை நின்றது பத்தாது என்று என் வேலையும் நிற்க வேண்டுமா? வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், மகளோடு இருக்க எனக்குப் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹோட்டல் சமையல்காரர் வந்து சேர்ந்தார். அவருடைய குளிர் அறையை என் வீட்டுக்காரர்தான் காலங்காலமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், கடையில் கிடைக்கிற சிப்பிக் காளான் எல்லாம் வாடி வதங்கி வருகிறது, வீட்டிலேயே யாராவது வளர்த்துக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வேன் என்றார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் போனதும் என் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் பேசினேன்.

"ஒரே ஒரு தடவை காளான் வளத்துப் பாருங்க. நல்லா வந்தா இங்கயே இருப்போம். வரலைன்னா நானே மூட்டை கட்டறேன், வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாயே திறக்க மாட்டியா?" என்று கேட்டார். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

எங்கள் பின்கட்டு அறையில் ஆளுயர ஃப்ரிட்ஜ் ஒன்று கிடந்தது. கடைகளில் கூல்டிரிங்ஸ் பாட்டில் அடுக்கி வைப்பார்களே, அந்தக் கண்ணாடிக் கதவு வைத்த ஜாதி. ரிப்பேருக்கு விட்டவர் திரும்பி வரவே இல்லை. அதைத்தான் காளானுக்கு வீடாக்கினார். செத்துப்போன கம்ப்ரசரைக் கழற்றி வீசினார். கம்பித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவினார். வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்து ஆறவைத்து, காளான் விதையோடு அடுக்கடுக்காகப் பாலிதீன் பைகளில் அடைத்தார். முளைவிட்ட தானியம் மாதிரி இருக்கிற அந்த விதையை, சோப்புப் போட்டுக் கழுவாத கையால் நான் தொடக் கூடாதாம். வாங்கிய சோப்பில் பாதியை அந்தப் பைகள்தான் தின்றன. இருட்டு மூலையில் பைகளைத் தொங்கவிட்டார். கொஞ்ச நாளில் வைக்கோல் முழுக்க வெள்ளை நூல் படர்ந்து, பை கட்டித் தயிர் போல் வெளுத்துவிட்டது.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். பைகளில் கீறல் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, ஈரமும் வெளிச்சமும் காட்ட வேண்டும். அப்போதுதான் கீறல் வழியாகக் காளான் முளைக்கும். அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் நீரைப் புகையாக மாற்றுகிற சின்ன மெஷின் ஒன்றைப் போட்டார். ஈரப்பதம் காட்டும் மீட்டரைக் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டினார். பிறகு, தன் வாழ்நாள் வித்தையை எல்லாம் அந்தக் கதவில் இறக்கினார். புத்தம்புது ரப்பர். நாலு பக்கமும் காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தார், காகிதம்தான் கிழிந்தது. என்னையும் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை மகள் பிறந்த அன்றைக்குத்தான் வந்தது.

கதவைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நானும் பார்த்தேன். குண்டூசித் தலை மாதிரி மொட்டுகள் கூட்டம் கூட்டமாக வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்குக் காரில் வந்த மாணவி சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மொட்டு வளர்ந்தது. வளர்ந்துகொண்டே போனது. ஆனால் கழுத்துதான் வளர்ந்தது, தலை வரவே இல்லை. விரல் நீளத்துக்கு வெளிறிய காம்பு, அதன் நுனியில் மிளகளவு குடை. சத்து பத்தவில்லை என்றார். ஈரம் பத்தவில்லை என்று மெஷினைக் கூட்டி வைத்தார். எங்கோ கசிகிறது என்று ரப்பரின் மேல் இன்னொரு பட்டையை ஒட்டினார். காம்பு இன்னும் நீண்டது.

சமையல்காரர் பை கொண்டுவந்தார், அறுவடையை அள்ளிக்கொண்டு போக. கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது காளானா, சேமியாவா?"

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சமையல்காரர் நல்ல மனுஷர், உடனே அசடு வழிந்து ஏதேதோ சமாதானம் சொன்னார். அதெல்லாம் இவர் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டு, நாங்கள் வருகிறோம், அடுத்த மாதம் நீயே வந்து அழைத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னவள் நான். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அதன் தூசியைத் தட்டுகிற சாக்கில் அதை நாலு சாத்து சாத்தினேன்.

மறுநாள் மழை. என் மாணவி ஒருத்தி, தையல்காரி, கண்ணாடி அத்தனையும் ஏற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏசியிலிருந்து வெளிக்காற்று வரும் வழியையும் எப்போதோ மூடியிருக்கிறாள். பாதி வழியில் கொட்டாவி விட ஆரம்பித்தாள். கியரை மாற்றச் சொன்னால் வைப்பரைப் போட்டாள். எனக்கும் தலை கனத்தது. நனைந்தாலும் பரவாயில்லை, கண்ணாடியை இறக்கு என்றேன். சில்லென்று காற்று முகத்தில் அடித்ததும் இரண்டு பேருக்கும் உயிர் வந்தது. அக்கா, இத்தனை நேரம் மூச்சு முட்டிக்கொண்டிருந்ததே தெரியவில்லை என்றாள் அவள்.

அங்கேயே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அவள் இடத்தில் நான் உட்கார்ந்து, நேராக வீட்டுக்கு ஓட்டினேன். பாவம் தையல்காரி, தான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்து வழி முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஈரப் புடவையோடு பின்கட்டு அறைக்குப் போய்த் தரையில் மண்டியிட்டுக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். மேல்தட்டு எல்லாம் சேமியாதான். அடித்தட்டின் பின்மூலையில், மெஷினின் ஒயர் உள்ளே நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கொத்து மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் குடை விரித்து நின்றது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடச்சே, அந்த ஓட்டையை அடைச்ச பிசின் ஈரத்துல விழுந்துடுச்சு போல. அங்க லீக் ஆகுது."

"நீங்க அடைக்காம விட்ட இடத்துலதாங்க காளான் காளானா இருக்கு. மத்ததுக்கெல்லாம் மூச்சு முட்டுது. காத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குதுங்க, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கதவைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். காளான் மூச்சு விடுமா என்று கேட்கவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. காற்றை வெளியே நிறுத்துவதற்காகவே வாழ்ந்த மனுஷர், காற்று வேண்டிய ஒன்றைக் கொண்டுவந்து அதே மாதிரி அடைத்து வைத்திருக்கிறார். சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

நீளக் காம்புகளை எல்லாம் கிள்ளி எறிந்தோம். அதே பைகளில் இன்னொரு முறை முளைக்கும் என்று அவர் சொன்னார். டிரில்லிங் மெஷினை எடுத்துவந்து, பெட்டியின் இரண்டு பக்கமும் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று பென்சிலால் வட்டம் போட்டார். மெஷினைத் தகரத்தில் வைத்தார். எடுத்தார். வைத்தார். தோள்வலிதான் என்று நினைத்தேன்.

"என்னால முடியலை. நீயே போடு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் போட்டேன். தகரம் அலறிய அலறலில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் அவர் தோள் ஒருமுறை குலுங்கியது, ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி ஓட்டை முடிந்ததும் அவரே வந்து பூச்சி புகாதபடி எல்லாவற்றுக்கும் மெல்லிய வலை ஒட்டினார். பழைய கம்ப்யூட்டரில் இருந்த குட்டி ஃபேனைக் கீழே பொருத்தினார். காலையும் மாலையும் கதவைத் திறந்து விசிறிவிட்டு, தெளிப்பானால் தண்ணீர் அடித்து மூடினார். கதவைத் திறப்பதற்கென்றே நேரம் வைத்துக்கொண்டு திறந்த அவரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இந்த முறை மொட்டு விரிந்தது. சாம்பல் நிறத்தில் குடைகள், ஒன்றன்மேல் ஒன்று தோள் இடித்துக்கொண்டு, தட்டுக்குத் தட்டு நிறைந்துவிட்டன. சமையல்காரர் மறுபடி பையோடு வந்தார். கொண்டுவந்த பை பத்தாமல் என் காய்கறிக் கூடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கூடை இன்னும் திரும்பவில்லை.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. ஒப்பந்தம் ஒரே ஒரு தடவைக்குத்தான். அந்த ஒரு தடவை தோற்றாயிற்று. என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. போவதா இல்லையா என்று அவர் வாயைப் பிடுங்கிப் பார்த்தேன், காளானைப் பற்றியே பேசினார். மகள் வருகிற நாள் வந்துவிட்டது.

வந்தவளைச் செருப்புக் கழற்றவிடாமல் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விட்டு வைத்திருந்த பெரிய கொத்து ஒன்றைத் திருகிப் பறித்து அவள் கையில் கொடுத்தார். வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி அவரே பரிமாறினார். மகளுக்கு வாயெல்லாம் பல்.

"இவ்வளவுதானேப்பா, இந்தப் பெட்டியையும் கூடவே எடுத்துட்டுப் போயிடலாம். எங்க பால்கனியில தாராளமா நிக்கும்."

எனக்குக் கையிலிருந்த தட்டு கனத்தது. இதை நான் யோசிக்கவே இல்லை. அவரை இந்த வீட்டில் பிடித்து வைக்க நான் தேடிய ஒன்றை, அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்கிறாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பெட்டியைக் கொண்டு வரலாம் பாப்பா. உங்கம்மாகிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கறவங்களை எப்படிக் கொண்டு வர்றது? வேலை போயி வீட்ல உக்காந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதை அவளுக்கு நான் செய்ய மாட்டேன்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏம்மா, நீ இதை ஒரு நாளும் சொல்லவே இல்லையே என்றாள். நான் சொல்லவில்லைதான். அவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தி, அன்றைக்குத்தான் அவர் முன்னால் கண்ணை மறைக்காமல் அழுதேன்.